வாயடைப்பதும் மனம் ஒப்புவதும்

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1981-இல் வெளியிட்ட பெரிய தத்துவ நூலின் முன்னுரையில் ஒரு குறும்பான கற்பனை வருகிறது. தத்துவக்காரர்கள் எப்போது பார்த்தாலும் வலுவான வாதம், தப்பிக்க முடியாத வாதம், எதிராளியை நொறுக்கும் வாதம் என்றே பேசுகிறார்களே, சரி, இருப்பதிலேயே வலுவான வாதம் எப்படித்தான் இருக்கும் என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்கிறார்: அதைக் கேட்டதும் மூளைக்குள் ஏதோ அதிர்வு கிளம்ப வேண்டும், முடிவை ஏற்காவிட்டால் ஆள் செத்து விழ வேண்டும். இதைவிட வலுவான வாதம் உண்டா? அதோடு விடாமல், அடுத்தவரை எதையாவது நம்பும்படி நிர்ப்பந்திப்பதில் நமக்கு ஏன் இவ்வளவு ஆசை, இது ஒருவரிடம் நடந்துகொள்கிற முறைதானா என்றும் கேட்கிறார்.

சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். ஆனால் எனக்கு அந்தக் கற்பனையில் மாட்டிக்கொண்டவர் மேல்தான் கவனம் போகிறது. மறுத்துச் செத்தவர் மறுத்தவராகவே செத்தார். பயந்து ஏற்றுக்கொண்டவரோ உயிருக்காக ஏற்றுக்கொண்டார், அந்த முடிவு சரி என்று பட்டதால் ஏற்கவில்லை. ஆக, உலகத்திலேயே வலுவான வாதம் ஒரே ஒருவரைக்கூட நம்ப வைக்கவில்லை.

அப்படியானால் ஒரு தத்துவ வாதம் ஒருவரை உண்மையிலேயே ஏற்க வைக்கும்போது நடப்பது என்ன? இதைப் பல வருடங்களாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இது: வாதம் புதிதாக எதையும் நம் தலைக்குள் வைப்பதில்லை. நாம் ஏற்கெனவே நம்பும் சில விஷயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று காட்டுகிறது, பழைய நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு விலையைச் சொல்கிறது. அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர் நகர்கிறார். கொடுக்கத் தயாராக இருப்பவர் நகர்வதில்லை, அவரைப் பிடிவாதக்காரர் என்று உடனே சொல்லிவிடவும் முடியாது.

பாடப்புத்தகம் வேறு பதில் சொல்லும். வடிவம் சரியாக இருக்க வேண்டும், எடுகோள்கள், அதாவது வாதம் தொடங்கும் கூற்றுகள், உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று. தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு விவாதத்தைக்கூட முடிக்க முடியாது. சரியான வடிவம் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த எடுகோள்களையும் ஏற்றுக்கொண்டு இந்த முடிவையும் மறுக்க முடியாது. எதைக் கைவிடுவது என்று அது சொல்வதில்லை. ஜி.இ. மூர் 1939-இல் ஓர் உரையில் தன் கைகளை உயர்த்தி, இதோ ஒரு கை, இதோ இன்னொன்று, ஆகவே புற உலகம் இருக்கிறது என்று நிறுவியதாகச் சொன்னார். முதன்முதலாகப் படிக்கும் யாருக்கும் இது ஏமாற்று வேலை போலத்தான் தோன்றும். எதையும் உறுதியாக அறிய முடியாது என்னும் ஐயவாதி சொல்வது என்ன? நீ கனவு காணவில்லை என்று உனக்கு உறுதியாகத் தெரியாது, எனவே உனக்குக் கைகள் இருப்பதும் தெரியாது. மூரின் வழியில் வருபவர் அதே வாதத்தைத் திருப்பிப் போடுகிறார்: எனக்குக் கைகள் இருப்பது தெரியும், எனவே உன் எடுகோள்களில் ஏதோ ஒன்று பொய். இரண்டும் ஒரே முரண்பாட்டிலிருந்து கிளம்புகின்றன, இரண்டும் சரியான வடிவம்தான். எது உங்களுக்கு அதிக உறுதியாகப் படுகிறது, 'அறிவு' என்பதற்கு ஐயவாதி போடும் நிபந்தனையா, உங்கள் கையா? தர்க்கம் இந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறது.

லூயிஸ் கரோல் 1895-இல் 'மைண்ட்' இதழில், ஆமையும் கிரேக்க வீரன் அக்கிலீஸும் பேசிக்கொள்வதாக எழுதிய சின்ன உரையாடல் இன்னும் ஒரு படி கீழே போகிறது. ஆமை இரண்டு எடுகோள்களையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் முடிவை ஏற்கவில்லை. 'இவை இரண்டும் உண்மையானால் முடிவும் உண்மை' என்று மூன்றாவதாக எழுதிக்கொடு என்கிறது. எழுதிக் கொடுத்தால் அதையும் ஏற்கிறது, முடிவை மட்டும் ஏற்பதில்லை, நாலாவதாக இன்னொன்று எழுதச் சொல்கிறது. பாவம் அக்கிலீஸ், எழுதிக்கொண்டே இருக்கிறான். நடுவில் அவன், தர்க்கம் உன் கழுத்தைப் பிடித்து ஏற்க வைக்கும் என்று ஒரு மிரட்டல் விடுகிறான். தர்க்கத்துக்குக் கை கிடையாது என்பதுதான் அந்த உரையாடலின் வேடிக்கையே. கடைசி அடியைக் கேட்பவர்தான் எடுத்து வைக்க வேண்டும், அவருக்காக நாம் எடுத்து வைக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு, ஒவ்வொரு அடியையும் எடுத்து வைத்த பிறகும் நம்ப முடியாத நிலை. ஆன்செல்ம் 11-ஆம் நூற்றாண்டில் கடவுள் உண்டு என்பதை வெறும் கருத்திலிருந்தே நிறுவினார்: எதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்க முடியாதோ அதுவே கடவுள், அது எண்ணத்தில் மட்டும் இருந்தால், உண்மையிலும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடும், எனவே அது உண்மையிலும் இருந்தாக வேண்டும். பின்னாளில் பெரிய தத்துவவாதியான பெர்ட்ரண்ட் ரசல், மாணவராக இருந்த 1894-இல் புகையிலை டப்பா வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் இந்த வாதம் சரிதான் என்று திடீரெனப் பட்டு, டப்பாவை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பின்னாளில் அவரே எழுதினார், இதில் பிழை இருக்கிறது என்று உணர்வது எளிது, அது எங்கே என்று துல்லியமாகச் சொல்வதுதான் கடினம் என்று. ஆன்செல்ம் காலத்திலேயே கௌனிலோ என்ற துறவி எழுதிய மறுப்பில் மிகப் பிரபலமான பகுதி பிழையைத் தேடும் வேலையில் இறங்குவதே இல்லை. இதே அடிகளை வைத்து, எதைவிடச் சிறந்த தீவை நினைக்க முடியாதோ அந்தத் தீவும் கடலில் எங்கோ இருந்தாக வேண்டும் என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. இருப்பு என்பது ஒரு பண்பு அல்ல என்று பின்னால் கான்ட் கொடுத்த நுட்பமான பதிலைவிட இது அதிகம் பேரை அசைத்திருக்கும் என்பது என் ஊகம். காரணம், அதில் கௌனிலோ தன் கையிலிருந்து எதையும் போடவில்லை. எல்லாம் ஆன்செல்மின் சரக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வருகிறது. கதைக்காகப் படிப்பவர்கள் 29-ஆம் காதையை வறண்ட பட்டியல் என்று தாண்டிவிடுவார்கள், ஆனால் அறவண அடிகள் அங்கே கற்றுக்கொடுக்கும் பௌத்தத் தர்க்கம் இந்தக் கேள்விக்கு நேராக வருகிறது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகள்: இந்த மலை நெருப்புடையது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல, இந்த மலையிலும் புகை இருக்கிறது, எனவே நெருப்பு இருக்கிறது. 'மனிதர் எல்லோரும் மரிப்பவர், சாக்ரடீஸ் மனிதர்' என்று மேலை மரபில் பழகியவர்களுக்கு இது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் இருக்கும். இரண்டும் வேறு வேறு வேலைகளுக்கானவை. நமக்கு நாமே தெரிந்துகொள்வதற்கு இத்தனை உறுப்புகள் தேவையில்லை, தன்பொருட்டு அனுமானத்துக்குப் புகையைப் பார்த்தாலே போதும். பிறர்பொருட்டு அனுமானத்தில் எதிரே ஓர் ஆள் நிற்கிறார். அவருக்காகத்தான் அடுக்களை. திட்டாந்தம் என்றால் என்ன என்று நியாய சூத்திரம் சொல்லும் வரையறை எனக்கு மிகவும் பிடித்தது: சாதாரண மக்களும் ஆராய்பவர்களும் எதில் ஒரே கருத்தோடு இருக்கிறார்களோ அது. எதிராளிக்கும் உங்களுக்கும் பொதுவான ஓர் இடத்தைக் காட்டாமல் வாதம் முழுமையடையாது என்று இலக்கணத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

இதைவிடக் கூர்மையான விஷயம் அதே காதையில் வரும் ஏதுப் போலிகளில், அதாவது பிழையான காரணங்களில் இருக்கிறது. அசித்தம் என்ற பிழையின் வகைகளில் ஒன்று அன்னியதராசித்தம், அதாவது வாதிடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏது நிறுவப்படாமல் இருப்பது. ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது செய்யப்படுவது என்று சாங்கியம் என்ற தத்துவ மரபைச் சேர்ந்த ஒருவரிடம் சொன்னால் அது இந்தப் பிழை. அவர் கொள்கைப்படி எதுவும் புதிதாகச் செய்யப்படுவதில்லை, ஏற்கெனவே இருப்பது வெளிப்படுகிறது, அவ்வளவுதான். கவனித்துப் பாருங்கள், ஏது பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இந்த ஆளிடம் சொல்லும்போது அது வாதமே ஆகாது. எனக்குத் தெரிந்த தத்துவச் சண்டைகளில் பாதி இந்தப் பிழையில்தான் ஓடுகின்றன. சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேறு வழி இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் தொடங்குவார், எதிரே இருப்பவர் அதைத்தான் மறுக்கிறார் என்பதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் பேசுவார், அப்புறம் இவ்வளவு சொல்லியும் புரியவில்லையே என்று சலித்துக்கொள்வார்.

எதிராளியின் சரக்கிலிருந்தே கட்டப்பட்ட வாதம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான உதாரணம் ஒரு கடிதம். 1902 ஜூன் 16 அன்று ரசல் ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரெகேக்கு எழுதியது. கணிதத்தைத் தர்க்கத்தின் மேல் நிறுத்துவதற்காக ஃப்ரெகே இருபது வருடங்களுக்கு மேல் உழைத்திருந்தார், அதற்கான நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தது. ரசல் கேட்டது ஒரு சின்னக் கேள்வி: கணம் என்றால் பல பொருள்களின் திரட்டு, தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கணம் செய்தால், அது தன்னில் உறுப்பா இல்லையா? ஆம் என்றால் இல்லை என்றாகிறது, இல்லை என்றால் ஆம் என்றாகிறது. ஜூன் 22-ஆம் தேதியே ஃப்ரெகே பதில் எழுதிவிட்டார், தன் கட்டடத்தின் அடித்தளமே ஆடுகிறது என்று ஒப்புக்கொண்டு. அச்சில் இருந்த தொகுதிக்கு ஒரு பின்னுரையும் சேர்த்தார். ஃப்ரெகேயின் நேர்மைக்கு ஈடாகத் தான் எதையும் அறியவில்லை என்று ரசல் வயதான காலத்தில் எழுதினார், அது நியாயமான பாராட்டு. ஆனால் நேர்மை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த முரண்பாட்டை உண்டாக்க ரசல் தன்னுடையது என்று ஒரு எடுகோளைக்கூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஃப்ரெகேயின் விதிகள், ஃப்ரெகேயின் வழிமுறை, இடைவெளியே இல்லாத நிரூபணம் வேண்டும் என்ற ஃப்ரெகேயின் பிடிவாதம். மறுப்பதற்கு வெளியே இருந்து வந்தது எதுவுமே இல்லை.

கணிதத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அது நடந்தது என்று யாராவது சொல்லலாம். சரி, 1963-இல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையைப் பார்ப்போம். நியாயமான காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கைதான் அறிவு என்று அதுவரை பலர் வைத்திருந்தார்கள். கெட்டியரின் கதையில் ஸ்மித்தும் ஜோன்ஸும் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நம்ப ஸ்மித்துக்கு நல்ல காரணம் இருக்கிறது, ஜோன்ஸ் பையில் பத்து நாணயங்கள் இருப்பதும் அவருக்குத் தெரியும், எனவே வேலை கிடைக்கப்போகிறவர் பையில் பத்து நாணயங்கள் உண்டு என்று முடிவுகட்டுகிறார். கடைசியில் வேலை கிடைப்பது ஸ்மித்துக்கே, அவர் பையிலும், அவருக்கே தெரியாமல், பத்து நாணயங்கள் இருக்கின்றன. நம்பிக்கை உண்மை, காரணமும் நல்ல காரணம், ஆனால் ஸ்மித்துக்கு அது 'தெரிந்திருந்தது' என்று சொல்வீர்களா? அறிவுக்கு வேறு வரையறை எதையும் கெட்டியர் கொடுக்கவில்லை. 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லை வாசகரே சொல்லிக்கொள்கிறார், அதைச் சொன்ன பிறகு அது வாசகரின் சொத்து.

இவ்வளவு தூரம் வந்ததும் ஒரு சங்கடம். எடுகோள்களை எதிராளியிடமிருந்தே வாங்குவதுதான் ரகசியம் என்றால் அந்தக் கலையின் மன்னன் சாக்ரடீஸ். அவர் பேசிய ஒவ்வொருவரும் நம்பியிருக்க வேண்டும். நடந்தது அப்படியில்லை. பிளேட்டோவின் கோர்கியாஸ் உரையாடலில் கல்லிக்ளீஸ் ஓர் இடத்தில் மனம் விட்டுச் சொல்கிறான்: எப்படி என்று தெரியவில்லை சாக்ரடீஸ், நீ சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பலருக்கும் ஆவதுதான் எனக்கும் ஆகிறது, எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. இதைவிட நேர்மையான வரி பிளேட்டோவில் குறைவு என்று நினைக்கிறேன். குடியரசு உரையாடலின் ஆறாம் புத்தகத்தில் அடைமாண்டஸ் அதையே விளக்கமாகச் சொல்கிறான்: ஒவ்வொரு கேள்வியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசியில் எல்லாம் சேர்ந்து பெரிய விலகலாகிவிடுகிறது, காய் விளையாட்டில் கெட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டவனுக்கு நகர்த்த இடமில்லாமல் போவதுபோல வார்த்தைகளில் அடைபட்டுப் போகிறோம், அதனால் உண்மை என்னவோ மாறிவிடுவதில்லை.

கல்லிக்ளீஸ் முரடன், அவன் கட்சியும் எனக்கு ஒப்பாதது. இருந்தும் இந்த விஷயத்தில் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். இருபது படிகள் உள்ள ஒரு வாதம், ஒவ்வொரு படியும் ஒன்றையொன்று சாராமல் 95 சதவீதம் உறுதி என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் 'ஆமாம்' என்றுதான் சொல்வோம். இருபதும் ஒருசேரச் சரியாக இருக்கும் வாய்ப்போ சுமார் 36 சதவீதம்தான். ஒவ்வொரு படியையும் ஒப்புக்கொண்டு முடிவை மட்டும் மறுப்பது முட்டாள்தனமாகத் தோன்றலாம், ஆனால் எந்தப் படி என்று சுட்ட முடியாவிட்டாலும் எங்கோ ஒன்று வழுக்கியிருக்கிறது என்று சந்தேகிக்க அவனுக்கு உரிமை உண்டு. நீண்ட சங்கிலி வாதங்களை நான் முதலிலேயே கொஞ்சம் ஐயத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். (ஸ்பினோசா தன் அறவியல் நூலை யூக்ளிட் பாணியில் தேற்றமும் நிரூபணமுமாக எழுதினார். அவரைக் கொண்டாடுபவர்களில் யாரும் அந்த நிரூபணங்களால் மனம் மாறியவர்களாக எனக்குத் தெரியவில்லை. அவர் காட்டும் உலகம் பிடித்துப்போய்த்தான் வந்திருக்கிறார்கள்.)

அதனால் எதிராளியின் எடுகோளிலிருந்து தொடங்கினால் மட்டும் போதாது. அவர் சும்மா தலையாட்டியதற்கும் உண்மையில் நம்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சாக்ரடீஸ் பல சமயம் தலையாட்டலை வாங்கிக்கொண்டு மேலே போய்விடுகிறார். கெட்டியர் வாங்கியது தலையாட்டல் அல்ல, வாசகர் தானாகவே சொன்ன தீர்ப்பு.

மனப் பரிசோதனைகள் இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971-இல் கருக்கலைப்பு பற்றி எழுதியது நல்ல உதாரணம். நீங்கள் கண்விழிக்கிறீர்கள், புகழ்பெற்ற ஒரு வயலின் கலைஞரின் உடலோடு உங்கள் சிறுநீரகங்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன, ஒன்பது மாதம் அப்படியே இருந்தால்தான் அவர் பிழைப்பார். இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டா? கதை பிரபலம், ஆனால் அதற்கு முன்னால் அவர் செய்த காரியம்தான் முக்கியம். கரு ஒரு முழு மனித ஆள்தான் என்ற எதிர்த்தரப்பின் மிக வலுவான எடுகோளை வாதத்துக்காக அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டுத் தொடங்குகிறார். அதுவரை விவாதம் பெரும்பாலும் அந்த எடுகோளைச் சுற்றியே நடந்தது. அதை ஒப்புக்கொண்ட பிறகும் முடிவு தானாக வந்துவிடாது என்று காட்டியதும், அவர் முடிவை ஏற்காதவர்கள்கூட அதற்கு மேல் இன்னும் ஏதாவது சொல்லியாக வேண்டிய கட்டாயம் வந்தது. மனம் மாறியவர்கள் எத்தனை பேரோ, விவாதம் நடக்கும் இடம் மாறிவிட்டது. தத்துவத்தில் வெற்றி என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மனப் பரிசோதனைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஃபிராங்க் ஜாக்சன் 1982-இல் உருவாக்கிய மேரி, கறுப்பு வெள்ளை அறையிலேயே வளர்ந்து நிறங்களைப் பற்றிய இயற்பியல் உண்மை அத்தனையும் கற்றவள், வெளியே வந்து முதன்முறையாகச் சிவப்பைப் பார்க்கும்போது புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்கிறாள் அல்லவா, அப்படியானால் இயற்பியல் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. படிக்கும் யாருக்கும் 'ஆமாம், தெரிந்துகொள்கிறாள்' என்று நாக்கு நுனியில் வந்துவிடும். டேனியல் டென்னெட் இம்மாதிரிக் கதைகளை உள்ளுணர்வை மேலே இறைத்துத் தரும் கருவிகள் என்றார், கதையின் விவரங்களைக் கொஞ்சம் மாற்றிப் பார், அப்போதும் அதே உள்ளுணர்வு வருகிறதா என்று சோதி என்றார். மேரி விஷயத்தில், எல்லா இயற்பியல் உண்மைகளும் தெரிந்த ஒருத்தியை நாம் உண்மையில் கற்பனை செய்கிறோமா அல்லது நிறையத் தெரிந்த ஒருத்தியைத்தான் கற்பனை செய்கிறோமா என்பது அவர் கேள்வி. அதைவிட வேடிக்கை, 1990-களின் இறுதிக்குள் ஜாக்சனே அந்த முடிவைக் கைவிட்டுவிட்டார். வாதத்தை உண்டாக்கியவர் வெளியேறிவிட்டார், வாதம் மட்டும் இன்னும் புதிய ஆட்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுதியவரே நம்பாத வாதம் என்பதால் அதன் பலம் குறையவில்லை, அவர் நம்பியபோதும் அந்த நம்பிக்கையிலிருந்து அது பலம் பெறவில்லை.

எதிர்த்தரப்பை எப்படிச் சொல்கிறோம் என்பதும் இதில் சேர்த்தி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதியாக இருப்பது வெறும் அமைப்பு வசதிக்காக அல்ல. பிறர் கொள்கையை முதலில் அவர் வாயால் சொல்ல வைத்து, மறுத்துவிட்டுத்தான் தன் கொள்கைக்கு வர வேண்டும் என்பது அந்த மரபின் ஒழுங்கு. நல்ல ஒழுங்குதான், ஆனால் அதில் ஒரு வசதியும் இருக்கிறது, எதிராளியின் வசனத்தையும் நாமே எழுதலாம். சமணக் காப்பியமான நீலகேசியில் அதன் நாயகி போகும் இடமெல்லாம் வாதிட்டு வெல்கிறாள், முதலில் தோற்பவள் பௌத்தரான குண்டலகேசி. அவள் பெயரில் இருந்த குண்டலகேசி காப்பியமோ நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் மிஞ்சின. தோற்றவள் தன் வாயால் என்ன சொல்லியிருப்பாள் என்று சரிபார்க்க வழியில்லை. பிளேட்டோவிலும் பக்கம் பக்கமாக 'ஆமாம் சாக்ரடீஸ்', 'வேறெப்படி இருக்க முடியும் சாக்ரடீஸ்' என்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இதே எரிச்சல் வரும். வாசகர் மனதில் இருக்கும் மறுப்பை அங்கே யாரும் சொல்லாதபோது எதிராளி எத்தனை முறை தோற்றாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. என் மறுப்பை நானே சொல்லியிருப்பதைவிட நன்றாக ஒருவர் சொல்லிவிட்டால், அப்புறம் அவர் சொல்லப்போகும் பதிலை நான் காது கொடுத்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விலை என்று மேலே சொன்னது என் சொந்தச் சொல் அல்ல. தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1983-இல் எழுதினார், தத்துவக் கொள்கைகள் முற்றாக மறுக்கப்படுவது அநேகமாக நடப்பதே இல்லை, தர்க்கவியலாளர் கோடலும் கெட்டியரும் ஒருவேளை செய்திருக்கலாம், மற்றபடி மறுப்புக்குப் பிறகும் கொள்கை பிழைத்துக்கொள்ளும், ஒரு விலைக்கு. அவர் சொல்ல உரிமை உள்ளவர். நம் உலகம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மையாக, சாத்தியமான மற்ற எல்லா உலகங்களும் இருக்கின்றன என்ற கொள்கையை வாழ்நாள் முழுதும் தாங்கிப் பிடித்தவர். அதற்கு அவர் சந்தித்த எதிர்வாதங்களில் மிகக் கடினமானது ஒரு வாதமே அல்ல, நம்ப முடியாமல் வெறித்துப் பார்க்கும் பார்வை. 1986-இல் வந்த நூலில் அதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, பொதுப் புத்தியிலிருந்து இவ்வளவு விலகுவது உண்மையிலேயே ஒரு விலைதான், ஆனால் கிடைக்கும் பயனுக்கு அது அதிகமில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதினார். நான் அந்த விலையைக் கொடுக்க மாட்டேன். ஆனால் அவரை மறுத்துவிட்டதாகவும் சொல்ல மாட்டேன்.

டெரெக் பார்ஃபிட் கொடுத்த விலை வேறு மாதிரி. காலம் கடந்தும் தொடரும் 'நான்' என்று தனியாக ஆழமான ஒன்று இல்லை என்று 1984-இல் மிக நுணுக்கமாக வாதாடியவர். அந்த வாதங்கள் தன்னை ஏற்க வைத்துவிட்டன என்று சொன்ன கையோடு, வேறு ஏதோ ஒரு தளத்தில் தனக்கு எப்போதும் ஐயம் இருந்துகொண்டே இருக்கும் என்றும் எழுதினார். வாதங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது ஐயம் மயங்கிக் கிடக்கும், புத்தகத்தை மூடியதும் எழுந்து உட்காரும். ஹியூமும், மனதுக்கு வெளியே சடப்பொருள் என்று ஒன்று இல்லை என்ற பெர்க்லியின் வாதங்களைப் பற்றி, பதில் சொல்லவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை என்றார். இதைப் படித்துவிட்டு, அப்படியானால் தத்துவ வாதம் வெறும் பொழுதுபோக்குதானா என்று கேட்பவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் பார்ஃபிட் சாவைப் பற்றிய பயம் தனக்குக் குறைந்தது என்றும் எழுதினார். ஏதோ இடம் பெயர்ந்திருக்கிறது.

எனக்கும் பதில் தெரிந்தும் அடங்காத விஷயம் ஒன்று உண்டு. நியூகோம்ப் புதிரை 1969-இல் அச்சில் கொண்டுவந்தவரும் நோசிக்தான். இரண்டு பெட்டிகள், திறந்த பெட்டியில் ஆயிரம் டாலர் கண்ணுக்குத் தெரிகிறது, மூடிய பெட்டியில் பத்து லட்சம் இருக்கலாம் அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். கிட்டத்தட்டத் தவறே செய்யாத ஒரு கணிப்பாளர், நீங்கள் மூடிய பெட்டியை மட்டும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் பத்து லட்சத்தை வைத்திருப்பார், இரண்டையும் எடுப்பீர்கள் என்று கணித்திருந்தால் காலியாக விட்டிருப்பார். கணிப்பு முடிந்துவிட்டது, பெட்டி மூடியாகிவிட்டது. எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெள்ளத் தெளிவாகத் தெரிகிறது, சிக்கல் என்னவென்றால் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்து, மறுபாதி உளறுவதாக நினைக்கிறார்கள் என்று நோசிக் எழுதினார். தத்துவவாதிகளிடையே 2020-இல் எடுத்த கணக்கெடுப்பிலும் இரண்டு பெட்டி என்றவர்கள் 39 சதவீதம், ஒன்று என்றவர்கள் 31 சதவீதம்.

நான் இரண்டு பெட்டிக்காரன். உள்ளே இருப்பது இப்போது நான் எதை எடுத்தாலும் மாறப்போவதில்லை, எனவே இரண்டையும் எடுத்தால் ஆயிரம் கூடுதல், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பெட்டிக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: அவ்வளவு புத்திசாலி என்றால் நீ ஏன் பணக்காரனாகவில்லை? டேவிட் லூயிஸ் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து 1981-இல் பதில் எழுதியிருக்கிறார், அவரும் இரண்டு பெட்டிக்காரர்தான். நாங்கள் தேர்ந்தெடுத்த நேரத்தில் எங்கள் முன்னால் பத்து லட்சம் இருக்கவே இல்லை, இல்லாததை எடுக்காதது எங்கள் முட்டாள்தனம் ஆகாது, இங்கே முட்டாள்தனத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது அந்தப் பதிலின் சாரம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது. ஒரு பெட்டிக்கார நண்பரிடம் அதைச் சொன்னால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, ஆனால் பத்து லட்சம் என்னிடம்தானே இருக்கிறது என்கிறார். அவர் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளும் எந்த விஷயத்திலிருந்து தொடங்கினால் அவர் என் பக்கம் வருவார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், அவரும் என்னிடம் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.